நாளும் இடமும்: தொடக்ககால மறைசாட்சிகளும் தமிழகத் திருநாள்களும்

கேள்வி

கொடைக்கானலிலிருந்து கிழக்கே வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் சாலையில் செண்பகனூர் இருக்கிறது. 1895இல் அங்கே நிறுவப்பட்ட சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியில்தான் மதுரை மிஷனின் கடிதங்களும் பங்கு ஏடுகளும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்டன. பழநி மலைத்தொடரின் பெரிய கத்தோலிக்கத் திருவிழா மறைசாட்சி எவருக்கும் உரியதன்று. ஆகஸ்ட் நடுவில் சலேத் மாதா கோயிலில் நடக்கும் அவ்விழா, 1846இல் பிரான்ஸ் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை ஒட்டியது. ஆனால் சமவெளியில் செபஸ்தியார், சந்தியாகப்பர், தோமையார், அருளானந்தர் ஆகியோருக்கு நடந்த திருநாள்களைப் பற்றி ஆராய விரும்புகிறவர் இந்த மலைக்கு ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. தமிழகக் கிறிஸ்தவத்தின் சமூக வரலாற்றை எழுதியவர்களுக்குச் செண்பகனூர் தவிர்க்க முடியாத இடம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. தொடக்ககால மறைசாட்சி ஒருவருக்கு ஆண்டுதோறும் ஓர் ஊர் கொடியேற்றித் தேர் இழுத்துக் கொண்டாடும் திருநாளை வரலாற்றாளர் எதற்குச் சான்றாகக் கொள்வது?

இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. திருச்சபை சார்ந்து எழுதுவோர் பலர், விழா இருப்பதையே வரலாற்றுக்குச் சான்றாக வைக்கிறார்கள்: இத்தனை நூற்றாண்டாகக் கொண்டாடுகிறோம், ஆகவே கதை உண்மை. சமூகவியல் சார்ந்து எழுதுவோர் பலர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். அவர்களுக்கு இது ஊர்க்காவல் தெய்வ வழிபாடுதான். அய்யனார் இருந்த இடத்தில் குதிரைமீது சந்தியாகப்பர், மாரியம்மன் இருந்த இடத்தில் அம்பு தைத்த செபஸ்தியார். இரு சாராரும் திருநாள் என்ற அமைப்பின் பழைமையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் கருத்து.

டெலஹேயின் அளவுகோல்

மறைசாட்சியின் ஆண்டு நினைவு பற்றிய மிகப் பழைய தெளிவான செய்தி, இன்றைய துருக்கியில் உள்ள சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பின் மரணத்தைச் சொல்லும் மடலில் கிடைக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் எரிக்கப்பட்டார். சபையார் எலும்புகளைச் சேகரித்துத் தகுந்த இடத்தில் வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடி, அவருடைய சாவை அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு நாள், ஓர் இடம், கூடும் மக்கள்: திருநாளின் எலும்புக்கூடு முழுவதும் அங்கேயே இருக்கிறது. வாழ்க்கைக் கதையும் அற்புதங்களும் பெரும்பாலும் பிறகுதான் வந்து சேர்கின்றன.

இதை முறையான ஆய்வு விதியாக்கியவர் பெல்ஜியச் சேசு சபையாரான இப்போலித் டெலஹே (1859-1941). புனிதர் வரலாறுகளை 17ஆம் நூற்றாண்டு முதல் பதிப்பித்துவரும் பொலாந்தியர் குழுவைச் சேர்ந்தவர். ஒரு மறைசாட்சி உண்மையில் வாழ்ந்தாரா என்று அறிய, அவரைப் பற்றிய கதையை நம்ப வேண்டாம். எந்த நாளில் நினைவுகூரப்பட்டார், எந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்ற இரண்டையும் மிகப் பழைய நாள்காட்டிகளில் தேடுங்கள் என்றார் அவர். இரண்டும் ஒத்து வந்தால் ஆள் உண்மை. கதை பிற்காலத்தியதாக இருக்கலாம். அதனால் ஆள் பொய்யாகிவிட மாட்டார். பக்தியும் விமரிசனமும் ஒரே மனிதரிடம் இவ்வளவு நேர்மையாகச் சேர்ந்திருப்பது அரிது. அவருடைய சபைக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த அளவுகோலைத் தமிழ்நாட்டில் போற்றப்படும் மறைசாட்சிகள் சிலருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

செபஸ்தியார்: உறுதியான நாள், வளர்ந்த கதை

உரோமையில் 354ஆம் ஆண்டைச் சேர்ந்த தொகுப்பு ஒன்றில் மறைசாட்சிகளின் அடக்க நாள் பட்டியல் உள்ளது. ஜனவரி 20ஆம் நாளுக்கு நேரே இரண்டு பெயர்கள்: கலிஸ்துவின் கல்லறைத் தோட்டத்தில் பபியான், கத்தக்கும்பையில் செபஸ்தியான். அவ்வளவுதான். அம்பு இல்லை, படைத்தலைவன் இல்லை, தியோக்கிலேசியான் பேரரசனும் இல்லை. ஆனால் நாளும் இடமும் இருக்கின்றன. டெலஹேயின் விதிப்படி செபஸ்தியார் உண்மையான மறைசாட்சி. அதே நூற்றாண்டின் இறுதியில் மிலான் ஆயர் அம்புரோசியார், செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர் என்று ஒரு செய்தி தருகிறார். நாமறிந்த கதை 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அந்தக் கதையிலும் அவர் அம்பால் சாகவில்லை. இரேனே என்ற கைம்பெண் காயங்களுக்கு மருந்திட்டுப் பிழைக்க வைக்கிறாள். மீண்டும் மன்னன் முன் போய் நின்ற பிறகே தடியால் அடித்துக் கொல்லப்படுகிறார். நம் ஊர்க் குருசடிகளில் மரத்தோடு கட்டப்பட்டு அம்பு தைத்து நிற்கும் சுரூபம் அவர் பிழைத்த நிகழ்ச்சியைக் காட்டுகிறது, இறந்த நிகழ்ச்சியை அன்று. காலராவும் அம்மையும் வந்த ஊர்களில் மக்கள் இந்தச் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது: பிழைத்தவரிடம் பிழைப்பை வேண்டினார்கள்.

அவர் மாரியம்மனின் இடத்தைப் பிடித்தவர் என்ற விளக்கம் இங்குதான் தடுமாறுகிறது. கொள்ளைநோய்க்கு எதிரான காவலராக அவர் தமிழ்நாட்டில் ஆக்கப்படவில்லை. 680ஆம் ஆண்டில் இத்தாலியின் பவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது அவருக்குப் பீடம் எழுப்பப்பட்ட பிறகே நோய் தணிந்தது என்று பவுல் தியாக்கோன் எழுதிய வரலாறு சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டின் கறுப்புச் சாவு அந்த நம்பிக்கையை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது. போர்த்துக்கீசியர் வழியாகக் கொச்சிக்கும் முத்துக்குளித்துறைக்கும் வந்தபோதே அவர் நோய்க்காவலர்தான். இங்கே அவர் ஏற்கெனவே நோயைத் தெய்வத்தோடு சேர்த்துப் பேசத் தெரிந்த ஒரு சமூகத்தைச் சந்தித்தார். இதைச் சந்திப்பு என்று சொல்லலாம். ஒன்றின் முகமூடி மற்றொன்று என்று சொல்லச் சான்று போதாது. ஆலப்புழைக்கு அருகே அர்த்துங்கல் ஆலயத்தில் சபரிமலையிலிருந்து திரும்பும் ஐயப்ப பக்தர்கள் மாலை கழற்றும் வழக்கத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இருவரும் தத்தம் பெயரோடும் தத்தம் நாளோடும் அங்கே நிற்கிறார்கள்.

கித்தேரியும் பிலோமினாவும்

அளவுகோல் எதிர்ப்பக்கம் காட்டும் இடங்களும் உண்டு. அவற்றில் தமிழுக்கு மிக நெருக்கமானது கித்தேரியம்மாள்.

வீரமாமுனிவர் (1680-1747) என்றதும் தேம்பாவணி நினைவுக்கு வரும், சதுரகராதி வரும், பரமார்த்த குருவின் கதை வரும். கித்தேரியம்மாள் அம்மானையைப் பலர் மறந்துவிட்டார்கள். கற்றோருக்குக் காப்பியம் எழுதிய அதே கை, பெண்கள் பாடும் அம்மானை வடிவில் ஒரு கன்னி மறைசாட்சியின் கதையைப் பாடியது. ஐபீரிய மரபில் அந்தக் கதை இப்படிப் போகிறது: உரோமை ஆளுநர் ஒருவரின் மனைவிக்கு ஒரே பேற்றில் ஒன்பது பெண் குழந்தைகள். வெட்கமும் அச்சமும் கொண்ட தாய், அவர்களை ஆற்றில் மூழ்கடிக்கும்படி மருத்துவச்சியிடம் கொடுக்கிறாள். மருத்துவச்சி மறைவாகக் கிறிஸ்தவள். குழந்தைகளைக் கொல்லாமல் ஊரில் பிரித்துக் கொடுத்து வளர்க்கிறாள். அவர்களில் ஒருத்தியான கித்தேரி மணம் மறுத்துத் தலை வெட்டுண்டு இறக்கிறாள்.

இவருக்கு மே 22 திருநாள். பிரான்சின் தென்மேற்கே ஏர் என்ற ஊரில் இவர் பெயரால் ஆலயமும், அதன் நிலவறையில் பழைய கற்பேழையும் உள்ளன. வெறிநாய்க்கடிக்கு இவரை வேண்டுவது அங்கே வழக்கம். ஆனால் பழைய நாள்காட்டிகள் எதிலும் இவர் பெயர் இல்லை. பிற்கால உரோமை மறைசாட்சியர் ஏட்டில்தான் இடம்பெறுகிறார். நாளும் இடமும் தொடக்கத்திலிருந்து உறுதிப்படவில்லை. டெலஹேயின் தராசில் கித்தேரி நிற்க மாட்டார்.

அதற்காக அந்த அம்மானையைத் தள்ளிவிடலாமா? கூடாது. அது வேறொன்றுக்கு முதல்தரச் சான்று. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு துறவி, தமிழ்ப் பெண்களின் வாயில் எந்தக் கதை நிலைக்கும் என்று எண்ணினார் என்பதை அது காட்டுகிறது. வேண்டாத பெண் குழந்தைகள், காப்பாற்றும் மருத்துவச்சி, மணத்தை மறுக்கும் மகள். ஏராளமான புனிதையரில் இவரைத் தேர்ந்ததை நான் தற்செயல் என்று கொள்ளவில்லை. பெண் குழந்தையின் உயிர் மருத்துவச்சியின் கையில் இருந்த ஊர்களை முனிவர் தம் மறைப்பயணங்களில் நன்றாகவே அறிந்திருப்பார் என்று ஊகிக்க இடமுண்டு. இது ஊகம்தான்.

அம்மானை ஒருபுறமிருக்க, நாட்டுக்கூத்தும் மறைசாட்சிகளின் கதையை மக்களிடம் கொண்டுசென்றது. யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கரிடையே ஆடப்பட்ட எஸ்தாக்கியார் கூத்தின் நாயகன் செல்வம், மனைவி, மக்கள் என ஒவ்வொன்றாக இழப்பவன். அரிச்சந்திரனைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவனை அடையாளம் காண நேரம் ஆகாது. எஸ்தாக்கியாரின் செப்டம்பர் 20ஆம் நாள் 1969இல் உரோமைப் பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

பிலோமினாவின் கதை இன்னும் கூர்மையானது. 1802இல் உரோமையின் பிரிசில்லா கத்தக்கும்பையில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. மூடியிருந்த மூன்று ஓடுகளில் எழுத்துகள். அவற்றை வரிசை மாற்றிப் படித்தபோது பிலோமினா என்ற பெயர் வந்தது. உள்ளே இளம்பெண்ணின் எலும்புகள். வாழ்க்கை வரலாறு முழுவதும் அதன் பிறகு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் மருக்கி, அந்த ஓடுகள் வேறு கல்லறைக்கு உரியவை, திரும்பப் பயன்படுத்தப்பட்டவை என்று வாதிட்டார். 1961இல் உரோமை அவர் பெயரை நாள்காட்டிகள் அனைத்திலிருந்தும் நீக்கியது. இடம் இருந்தது, நாள் இல்லை. எலும்பு இருந்தது, ஆள் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் 1930களில் எழுந்த மைசூரின் பேராலயம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பிலோமினா என்ற பாட்டிகளும் அத்தைகளும் நிறைய. நீக்கியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அதே நேரம், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் எலும்பின்முன் நூற்றாண்டுக்கும் மேலாக வேண்டப்பட்ட வேண்டுதல்களை வீண் என்று சொல்ல வரலாற்றாளருக்கு அதிகாரம் இல்லை.

தோமையார்: மூன்று நாள், பல இடம்

தோமையாரின் கல்லறை இடமாகப் போற்றப்படும் மயிலாப்பூர் எல்லாவற்றிலும் சிக்கலானது. நாளை எடுத்துக்கொண்டால், மேற்குத் திருச்சபை தோமையாரை டிசம்பர் 21இல் கொண்டாடிவந்தது. கிரேக்கர் அக்டோபர் 6இல். சிரிய மரபினர் ஜூலை 3இல். 1969இன் சீர்திருத்தம் உரோமை நாள்காட்டியையும் ஜூலை 3க்கு மாற்றியது. கேரளத்துச் சீரோ மலபார் சபையின் துக்றானா விழாவும் மயிலையின் திருநாளும் அதனால் ஒரே நாளாயின. கிழக்கின் நாளை மேற்கு ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது.

இடத்தை எடுத்துக்கொண்டால், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சிரிய நூலான தோமா பணிகள், மஸ்தாய் என்னும் மன்னனின் வீரர்கள் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றதாகவும் உடல் பின்னர் மேற்கே கொண்டுபோகப்பட்டதாகவும் சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டில் எதெசா நகரில் அவர் கல்லறை இருந்தது. எகேரியா என்ற பெண் பயணி 384இல் அங்கே போய் வேண்டினார். எலும்புகள் 1258இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்குப் போயின. 6ஆம் நூற்றாண்டின் தூர் நகரக் கிரகோரியார், அவர் உடல் முதலில் இருந்த இந்திய இடத்தில் ஆலயமும் மடமும் உண்டு என்று பயணி ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினார்; ஊர்ப்பெயர் தரவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சோழமண்டலக் கரையின் சிற்றூர் ஒன்றில் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே வருவதையும், அங்குள்ள செம்மண்ணை நோய்க்கு மருந்தாக எடுத்துச் செல்வதையும் பதிவு செய்தார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பகலவி எழுத்துச் சிலுவை, போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர் இருந்ததை உறுதியாகக் காட்டுகிறது.

எனவே மயிலை மரபைப் போர்த்துக்கீசியர் கட்டிய கதை என்று தள்ளுவோர் சான்றைப் பார்க்கவில்லை. முதல் நூற்றாண்டிலேயே தோமையார் இங்கே இறந்தார் என்பதை உறுதி என்று சொல்வோரும் சான்றைத் தாண்டிப் போகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மார்க்கோ போலோ காலத்திலாவது அந்த இடம் மறைசாட்சியின் இடமாகப் போற்றப்பட்டது, அதைப் போற்றியவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர்.

சந்தியாகப்பரைப் பற்றி இரண்டு வரி போதும். திருத்தூதர்களில் இவர் ஒருவரின் கொலைதான் புதிய ஏற்பாட்டிலேயே பதிவாகியுள்ளது. கொன்றவன் முதலாம் ஏரோது அகிரிப்பா, சுமார் 44ஆம் ஆண்டு, பாஸ்கா பண்டிகையை ஒட்டி. ஆனால் நம் ஊர்களில் திருநாள் ஜூலை 25. பாஸ்காவோ இளவேனிற்காலத்தில் வருவது. ஆகவே கொண்டாடும் நாள் சாவின் நாளாக இருக்க முடியாது. இங்கே ஆள் உறுதி, நாள் பிற்காலம்.

பொங்கலும் கிடாவும்

கொண்டாடும் முறைக்கு வருவோம். முடி இறக்குவது, கிடா வெட்டுவது, பொங்கல் வைப்பது, அசனம் போடுவது: இவை தமிழ் ஊர்த் தெய்வ வழக்கின் எச்சங்கள் என்பது பொது முடிவு. சூசன் பெய்லி 1989இல் எழுதிய நூலும், சந்தியாகப்பர் ஆலயம் உள்ள இராமநாதபுரச் சீமைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூலும் இந்த உறவை மிக நுட்பமாகப் பேசுகின்றன. அவர்களை மேலோட்டமாகப் படித்தவர்கள்தான் எச்சம் என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுவிடுகிறார்கள்.

4ஆம் நூற்றாண்டுக்குப் போய்ப் பார்ப்போம். அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவில் செய்ததுபோலவே மிலானிலும் மறைசாட்சிகளின் நினைவிடங்களுக்குக் கூழும் அப்பமும் திராட்சரசமும் எடுத்துப் போகிறார். வாயிற்காவலர் தடுக்கிறார்; ஆயர் அம்புரோசியாரின் தடையாம். நோலா நகரில் பெலிக்ஸ் என்பவரின் திருநாளுக்கு விவசாயிகள் நேர்ந்துவிட்ட பன்றிகளைக் கொண்டுவந்து அறுத்து ஏழைகளுக்குப் பங்கிடுகிறார்கள். அதை எழுதிய பவுலினூஸ் ஆயர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஒருவன் நல்ல கறியைத் தனக்கு வைத்துக்கொண்டு தலையையும் குடலையும் மட்டும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறிப் போகிறான்; வழியில் விழுந்து எழ முடியாமல் கிடக்கிறான்; முழுப் பங்கையும் கொடுத்த பிறகே நடக்கிறான். நேர்ச்சைக் கிடாவில் பங்கு குறைத்தவனுக்கு என்ன ஆகும் என்று தென்மாவட்டத்து ஆலய வளாகம் எதிலும் கேட்டுப் பாருங்கள். இதே கதை கிடைக்கும்.

பீட்டர் பிரவுன் 1981இல் எழுதிய நூலில், புனிதர் வழிபாட்டைக் கற்றோர் சமயம் மேலே, பாமரர் மூடநம்பிக்கை கீழே என்று இரண்டு அடுக்காகப் பிரிப்பதை மறுத்தார். தமிழ்நாட்டுக்கும் அந்த மறுப்பு பொருந்தும். உணவும் நேர்ச்சையும் மண்ணும் மறைசாட்சி வழிபாட்டோடு தொடக்கத்திலேயே இருந்தன. தமிழ் ஊர்கள் அவற்றைத் தம் சொந்தக் கையால் மீண்டும் கண்டெடுத்தன என்றே நான் சொல்வேன்.

இதற்கு ஓரியூர் நல்ல சான்று. அருளானந்தர் என்ற ஜான் தெ பிரித்தோ 1693 பிப்ரவரி 4 அன்று சேதுபதி நாட்டின் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். முந்தின நாள் அவர் எழுதிய மடல் இருக்கிறது. அந்த ஆண்டு உயிர்ப்பு விழா மார்ச் 22இல் வந்ததால் அன்று சாம்பல் புதன். நாள், இடம், கிழமை வரை எல்லாம் தெரிந்த மறைசாட்சி. டெலஹே கேட்டது முழுவதும் இங்கே உண்டு. மக்கள் அங்கிருந்து எடுத்துப் போவது செம்மணல். மயிலையில் மார்க்கோ போலோ கண்டதும், தூர் நகரில் கிரகோரியார் தாமே மருந்தாக உண்டதும் கல்லறை மண்தான். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யவில்லை. இரத்தம் விழுந்த இடத்திலும் கல்லறையிலும் மனிதர் கை தானாகவே மண்ணை எடுக்கிறது.

யாருடைய தேர்?

இவ்வளவு சொன்ன பிறகு சொல்லாமல் விடக் கூடாத ஒன்று உண்டு. 203இல் கார்த்தேஜில் நற்குடிப் பெண் பெர்பெத்துவாவும் அடிமைப் பெண் பெலிசித்தாவும் ஒரே அரங்கில் கொல்லப்பட்டார்கள். மார்ச் 7 இருவருக்கும் ஒரே திருநாள். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் இருவர் பெயரும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. நம் திருநாள்களிலோ முதல் மரியாதை யாருக்கு, மண்டகப்படி யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்று சாதி வழி வகுத்தது. மறைசாட்சி தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னர் சாதிக்கென்று சுவர் எழுப்பி ஆலயத்தைப் பிரித்தார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் இல்லை. அது தாமதமாக வந்த நேர்மை. தேர் போகாத தெருக்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. விழாவின் பழைமையைப் பாராட்டும் எவரும் இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

செய்ய வேண்டியது

உரோமையின் திருநாள்களுக்கு 354ஆம் ஆண்டின் பட்டியல் இருக்கிறது. நம் திருநாள்களுக்கு என்ன இருக்கிறது? எந்த ஆண்டில் எந்த ஊரில் செபஸ்தியாருக்கு முதன்முதல் கொடி ஏறியது, எந்தக் கொள்ளைநோயை ஒட்டி ஏறியது, தேர் எப்போது செய்யப்பட்டது, எந்தத் தெரு எப்போது சேர்க்கப்பட்டது என்பவற்றுக்கு விடை, பங்கு இல்லங்களின் அலமாரிகளிலும் ஊர்ப் பெரியவர்களின் பெட்டிகளிலும் உள்ள கணக்கேடுகளிலும் விழா அழைப்பிதழ்களிலும் கிடக்கிறது. ஆலயம் புதுப்பிக்கப்படும்போது முதலில் எடைக்குப் போவது இந்தக் காகிதங்கள்தான். உங்கள் ஊரில் அப்படி ஏதாவது இருந்தால் அடுத்த கொடியேற்றத்துக்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு நகலைப் பங்குத்தந்தையிடமும் இன்னொன்றை உங்கள் மறைமாவட்டக் காப்பகத்திலும் கொடுங்கள்.